உஷார்! வில் பிடிக்கும் கட்டைவிரலைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்

வீட்டில் யாராவது புதிதாக வயலின் கற்றுக்கொண்டிருக்கிறார்களா? இன்று சாயங்காலம் அவர்கள் சாதகம் பண்ணும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். பாட்டு எப்படி வருகிறது என்று கேட்க வேண்டாம். தந்திமேல் ஓடும் இடது கையையும் விட்டுவிடுங்கள். வில்லைப் பிடித்திருக்கிறதே வலது கை, அதன் கட்டைவிரலைத் தலையைச் சாய்த்துக் கீழேயிருந்து பாருங்கள். நகம் வெளுத்திருக்கிறதா? கணு உள்ளங்கைப் பக்கமாக ஒடிந்து விரல் விறைத்து நிற்கிறதா? சுண்டுவிரல் துளியும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது வில்லையே தொடாமல் அந்தரத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறதா?

இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் உஷாராகுங்கள். அடுத்த பாடத்துக்குப் போவதை ஒத்திப் போடுங்கள். ஸ்வரம் தப்பினால் காது காட்டிக்கொடுக்கும், தாளம் தப்பினால் கை காட்டிக்கொடுக்கும். வில் பிடி தப்பினால் பல மாதங்களுக்கு எதுவுமே காட்டிக்கொடுக்காது. அதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

ஏன் தெரியாது? ஆரம்பப் பாடங்களின் அமைப்பு அப்படி. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, முதல் காலம், ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில். வில்லின் நடுப்பகுதியிலேயே போய்வந்தால் போதும். இந்த வேலைக்கு முஷ்டியாக மூடிய கைகூடப் போதும். சொல்லப்போனால், இறுக்கிப் பிடிக்கிற குழந்தையின் சத்தம்தான் முதல் மாதத்தில் கணீரென்று கேட்கும். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தக் குழந்தைதான் ‘வெரி குட்’ வாங்கும். தளர்வாகப் பிடிக்கப் பழகும் குழந்தையின் வில் வழுக்கும், கீச்சிடும், அம்மா அப்பாவுக்குக் கவலையாக இருக்கும்.

அதற்கப்புறம் ஜண்டை வரிசை வருகிறது. அலங்காரம் வருகிறது. தந்தி விட்டுத் தந்தி தாவ வேண்டும். மூன்றாம் காலத்தில் ஒரே வில்லுக்குள் நான்கு ஸ்வரம், எட்டு ஸ்வரம் அடங்க வேண்டும். வர்ணத்தில் கமகத்தை அசைக்கும்போது இடது கை ஆடலாம், வலது கை ஆடக் கூடாது. அங்கேதான் இறுகிய கை மாட்டிக்கொள்கிறது. வில்லின் திசை மாறும் இடமெல்லாம் ‘டக் டக்’ என்று வெட்டு விழும். நீளமாக இழுத்தால் நடுக்கம். வேகம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும். இரண்டு வருஷம் கற்றுக்கொண்ட பிள்ளையைப் பார்த்து வீட்டார் ‘இவனுக்கு ஞானம் இல்லை போலிருக்கிறது’ என்று முடிவுகட்டுகிறார்கள். ஞானத்தில் குறை இல்லை. முதல் மாதத்தில் யாரும் பார்க்காமல் விட்ட ஒரு விரல் செய்த வேலை இது.

சரியான பிடி எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வில்லின் அடியில், முடியைப் பிடித்து வைத்திருக்கும் கறுப்பு உறுப்புக்கு ஃப்ராக் என்று பெயர். அது தண்டைத் தொடும் மூலையில் கட்டைவிரலின் நுனி நிற்க வேண்டும். தட்டையான சதைப்பகுதி முழுதும் படியக் கூடாது. நுனி, அதுவும் நகத்தை ஒட்டிய ஓரம். கணு லேசாக வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். அதற்கு நேர் எதிரே நடுவிரல், அல்லது நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடைப்பட்ட இடம். அந்த இரண்டு விரல்களும் தண்டின் மேலாகத் தொங்கி ஃப்ராக்கின் பக்கத்தில் படிய வேண்டும். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு தண்டின்மேல் சாய்ந்திருக்கும். சுற்றி வளைத்துக் கவ்வாது. சுண்டுவிரல் வளைந்து, அதன் நுனி தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். இதில் எந்த விரலும் எதையும் நசுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படித்தால் சுலபம். கையில் எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் குலைந்துவிடும். பிள்ளையைத் திட்டாதீர்கள், காரணம் இருக்கிறது. முழு அளவு வில்லின் எடை சுமார் 60 கிராம்தான். ஆனால் நீளம் 74, 75 சென்டிமீட்டர். அதை எடை சமமாக நிற்கும்படி ஒற்றை விரலில் வைத்துப் பார்த்தால், ஃப்ராக்கிலிருந்து கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் தள்ளித்தான் நிற்கும். நாம் பிடிப்பதோ அடியில். துடைப்பத்தின் அடிநுனியை மட்டும் விரல்களால் பிடித்துப் படுக்கை வாட்டில் தூக்கிப் பாருங்கள், புரியும். வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துக் காற்றில் நேராக நிறுத்தும்போது கட்டைவிரல் தாங்குபுள்ளி ஆகிறது. முன்பாரம் கீழே இழுக்கிறது. கட்டைவிரலுக்குப் பின்னால் நான்கைந்து சென்டிமீட்டரில் இருக்கும் சுண்டுவிரல் அதைச் சமன்செய்ய வேண்டியிருக்கிறது. 60 கிராமை 19-ஆல் பெருக்கி நாலரையால் வகுத்தால் 250 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அதாவது கால் கிலோ! கையிலேயே நோஞ்சான் விரல் அதுதான்; ஒவ்வொரு முறை வில்லைத் தூக்கும்போதும் அதன் தலையில்தான் இந்தப் பாரம். குழந்தை வில்லில் நீளமும் எடையும் குறைவு என்பதால் கணக்கு கொஞ்சம் இறங்கும். ஆனால் விரலும் அல்லவா சின்னது!

இந்தப் பாரத்தைத் தாங்க முடியாத சுண்டுவிரல் இரண்டில் ஒன்றைச் செய்யும். கணுவை நேராக்கிப் பூட்டிக்கொள்ளும், அல்லது நழுவிப் போய்விடும். நழுவினால் அந்த வேலையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிப் பிடித்துச் செய்யும். ஒரு விரலின் பலவீனம் மற்ற விரல்களின் முரட்டுத்தனமாக மாறுகிறது. கட்டைவிரலைப் பார்த்து ‘லூசா விடு, லூசா விடு’ என்று நூறு தடவை கத்தினாலும் பயனில்லாமல் போவது இதனால்தான். சுண்டுவிரலுக்கு வலு வரும்வரை அது லூசாக விட முடியாது.

இப்போது அடுத்த உஷார். பிடியைக் கெடுப்பதில் கைக்குப் பங்கு பாதி என்றால், புதிதாக வந்திறங்கும் வயலின் பெட்டிக்குப் பங்கு மீதிப் பாதி.

விஜயதசமிக்கு வகுப்பில் சேர்க்கிறோம். ஆன்லைனில் ஆர்டர் போட்டு வயலின் வந்துவிட்டது. வில்லை எடுத்து இழுத்தால் ஊமை! துளி சத்தம் வராது. காரணம் சின்னது: புது முடியில் ரோசின் என்ற பிசின் இல்லை. முடி வெறுமனே தந்திமேல் வழுக்கும். பெட்டிக்குள் இருக்கும் ரோசின் கட்டியோ கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும், அதில் தேய்த்தாலும் முடியில் ஒட்டாது. மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிப் பொடி கிளம்பச் செய்துவிட்டுத்தான் முடியில் பூச வேண்டும். இது தெரியாத வீட்டில் என்ன நடக்கிறது? ‘நல்லா அழுத்தி இழு கண்ணா’ என்கிறார் அப்பா. கண்ணா அழுத்துகிறான். அழுத்த வேண்டுமென்றால் இறுக்க வேண்டும். முதல் நாளே, முதல் பத்து நிமிஷத்திலேயே, ‘சத்தம் வேண்டுமென்றால் நசுக்கணும்’ என்ற பாடம் கைக்குள் ஏறிவிட்டது. அதை இறக்க வருஷக்கணக்காகும். ஒரு கட்டி ரோசினைச் சுரண்டாததன் விலை இது.

முடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்யும். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது, அந்த இடம் வந்ததும் சத்தம் கம்மும், பிள்ளை அழுத்தும்.

முடியை முறுக்குவதிலும் கவனம் வேண்டும். தண்டு முடியை நோக்கி உள்பக்கமாக வளைந்திருப்பதுதான் இன்றைய வில்லின் உயிர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் இருந்த பிரான்ஸுவா தூர்த் என்ற வில் கலைஞர் நிலைப்படுத்திய வடிவம் அது. அதற்கு முந்தைய வில்கள் பலவும் எதிர்ப்பக்கமாக, வெளிநோக்கிப் புடைத்திருந்தவை. புதியவர்கள் திருகைச் சுற்றிச் சுற்றித் தண்டை நேராக்கிவிடுகிறார்கள். சிலர் அதையும் தாண்டிப் பழங்கால வில்லாகவே ஆக்கிவிடுகிறார்கள். அப்படி முறுக்கிய வில் தந்திமேல் துள்ளும். துள்ளாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். நடுப்பகுதியில் தண்டுக்கும் முடிக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். நேற்று மூன்று சுற்று திருகினோம் என்று இன்றும் மூன்று சுற்று திருகாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் குதிரைமுடி நீளும், ஏசி அறையின் வறட்சியில் சுருங்கும். சென்னையின் ஐப்பசியும் ஏசி படுக்கையறையும் ஒரே வில்லை இரண்டு விதமாக நடத்தும். எண்ணிக்கையை நம்பாமல் கண்ணால் பாருங்கள். வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள்.

அளவும் முக்கியம். அரை சைஸ், முக்கால் சைஸ் வயலினுக்கு அதே சைஸ் வில் உண்டு. ‘எப்படியும் வளரத்தானே போறான்’ என்று சட்டை வாங்கும் கணக்கில் முழு வில்லை வாங்கிக் கொடுத்தால், மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு முழுசாக அந்தப் பிஞ்சுச் சுண்டுவிரலின்மேல் இறங்கும்.

நம் ஊர் மாணவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. இதை ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்தது. கருவியையும் வில்லையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். உட்காரும் விதத்தை மட்டும் மாற்றினோம். தரையில் சம்மணமிட்டு, வலது காலைச் சற்று முன்னால் வைத்து, வயலினின் சுருள்தலையைக் கணுக்காலருகே ஊன்றிக்கொள்கிறோம். இடது கை கருவியைத் தாங்க வேண்டிய அவசியமில்லாமல் தந்திமேல் தாராளமாக வழுக்கி விளையாடுகிறது. கமகத்துக்கு இதைவிடத் தோதான ஆசனம் கிடையாது. ஆனால் இதனால் வயலின் சரிவாகிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேட்டில், சுருள்தலை பள்ளத்தில். நின்றபடி வாசிக்கும் மேற்கத்தியக் கலைஞரின் வயலின் கிட்டத்தட்ட படுக்கை வாட்டில் இருக்கும், வில் தன் எடையிலேயே தந்திமேல் உட்காரும். நம் சரிவில் வில் விரல்பலகைப் பக்கம் இறங்கப் பார்க்கும். புதியவர் என்ன செய்வார்? வழுக்கி இறங்கும் வில்லை நிறுத்த இறுக்கிப் பிடிப்பார்!

இதற்கு மருந்து இறுக்கம் அல்ல, திசை. பிரிட்ஜுக்கு இணையாக வில் போனால் இறங்குவது பெருமளவு குறையும். முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து அந்த இணைகோட்டைப் பழக வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடியைப் பக்கவாட்டில் வைத்து வெறும் தந்தியில் இழுத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. மேற்கத்திய காணொளியைப் பார்த்துக் கற்கும் கர்நாடக மாணவர் விரல்களை நகலெடுக்கலாம், தோள்பட்டையையும் முழங்கை உயரத்தையும் நகலெடுக்கக் கூடாது. ஆசனமே வேறு!

காணொளி என்றதும் இன்னொரு பயம். போனை முன்னால் வைத்துக்கொண்டு ஆன்லைனில் கற்கிறவர்கள் இன்று ஏராளம். நியூஜெர்சியிலும் சிட்னியிலும் இருக்கும் குழந்தைகள் மயிலாப்பூர் ஆசிரியரிடம் இப்படித்தான் கற்கிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், முகத்துக்கு நேரே இருக்கும் கேமராவுக்குத் தெரிவது என்ன? மேலே இருக்கும் நான்கு விரல்கள். தப்பு நடக்கும் இடமோ தண்டுக்கு அடியில். ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் திரையில் இல்லாத விரலைத் திருத்த முடியாது. வகுப்பின் முதல் ஐந்து நிமிஷம் போனை வலப்பக்கமாக, இடுப்பு உயரத்துக்கும் கீழே வையுங்கள். வில்லின் அடிப்பகுதி, நடு, முனை என்று மூன்று இடத்திலும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். முனைக்குப் போகும்போது பிடி குலைகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். முன்கேமரா பல போன்களில் இடம் வலம் மாற்றிக் காட்டும். அதைப் பார்த்துக் குழம்பும் பெரியவர்களும் உண்டு. குழந்தை இடதுகைப் பழக்கம் உள்ளதாக இருந்தாலும் வில் வலது கையில்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயலினில் இரண்டு கைக்கும் சம வேலை. மாற்றிப் பிடித்தால் கருவி, ஆசிரியர் எல்லாமே பிரச்சினை.

கொஞ்சம் நிதானம் வேண்டிய இடமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆசிரியரிடம் போய் ‘நீங்கள் சொல்லிக்கொடுப்பது தப்பு’ என்று நிற்காதீர்கள். பிடியில் ஒரே ஒரு சரி கிடையாது. கார்ல் ஃப்ளெஷ் என்ற மாபெரும் ஆசிரியர் 1923-இல் வெளியான தன் நூலில் பழைய ஜெர்மன் பிடி, பிராங்கோ-பெல்ஜியப் பிடி, ரஷ்யப் பிடி என்று மூன்றைப் பிரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரல் எந்த இடத்தில் தண்டைத் தொடுகிறது என்பதில்தான் முக்கிய வித்தியாசம். ரஷ்யப் பிடியில் அது இன்னும் உள்ளே தள்ளிப் படியும், கை உள்நோக்கிச் சாயும். மூன்றிலும் மேதைகள் வாசித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவரின் பழைய காணொளிப் பதிவுகளில் சத்தத்தை அணைத்துவிட்டு வலது கையை மட்டும் பாருங்கள். மூன்று விதமான வில் ஆட்சி. கட்டைவிரலை ஃப்ராக்குக்கு வெளியே, அடியில் வைத்துப் பிடிக்கும் குழந்தையைப் பார்த்தும் பதற வேண்டாம். ஜப்பானின் சுஸுகி முறையில் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே அப்படித்தான் ஆரம்பித்துவைக்கிறார்கள்; கை வளர்ந்ததும் உள்ளே மாற்றுவார்கள். நீங்கள் தேடவேண்டியது இறுக்கத்தை. இடவித்தியாசத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கவலை புதுசும் அல்ல. லியோபோல்ட் மோட்ஸார்ட் 1756-இல் ஆக்ஸ்பர்கில் வெளியிட்ட வயலின் பாடநூலில், வில்லைப் பிடிக்கும் சரியான முறைக்குப் பக்கத்திலேயே தப்பான முறையையும் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அதே வருஷம்தான் அவருக்கு வூல்ஃப்காங் பிறந்தான். உலகத்துக்கு மோட்ஸார்ட் என்றால் அந்தப் பிள்ளைதான். வயலின் ஆசிரியர்களுக்கு அப்பாவும் முக்கியம். இவான் கலாமியன் 1962-இல் எழுதிய நூலில் வில் பிடிக்கும் கையை ஸ்பிரிங்குகளின் தொகுப்பாக விளக்குகிறார். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிங். என் பார்வையில் வில் பிடியைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. ‘போஸ்’ கொடுத்து நிற்க வேண்டிய உறுப்பு அல்ல கை. வில் அடியிலிருந்து முனைக்குப் போகப்போக விரல்களின் மடிப்பு மாறிக்கொண்டே இருக்கும். புத்தகப் படத்தைப் பார்த்து விரல்களை அடுக்கி, அந்த அமைப்பு துளியும் கலையாமல் வாசிக்க முயல்கிறவர்களும் ஒருவகையில் இறுகிய கையர்கள்தான். பார்க்க அழகான இறுக்கம், அவ்வளவே.

வலிக்கு வருகிறேன். ‘முதலில் வலிக்கத்தான் செய்யும், போகப்போகப் பழகிடும்’ என்று ஒரு வாக்கியம் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும். பாதிதான் உண்மை. இடது கை விரல்நுனிகள் தந்தி அழுத்தி எரியும், தோல் தடிக்கும், பிறகு சரியாகும். அது பழகவேண்டிய வலி. வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வரும் வலி பழகவேண்டிய வலி அல்ல. அது நிறுத்து என்று சொல்லும் வலி. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. நாள்தோறும் இறுக்கிக்கொண்டே அதை அசைத்தால் அந்த உறை தடித்து வலிக்கக்கூடும். டி கெர்வெய்ன் என்ற மருத்துவரின் பெயரால் டாக்டர்கள் அதைக் குறிப்பிடுவார்கள். மணிக்கணக்கில் ஒற்றைக் கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் பதின்ம வயதுக்காரருக்கு வயலின் இறுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மரத்துப்போதல், இரவில் வலி, வாசிப்பை நிறுத்தி ஒரு வாரமாகியும் குறையாத வலி, இவற்றில் எது இருந்தாலும் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு வர்ணத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். தைலத்தால் வலி அடங்கலாம், பிடி அப்படியேதான் இருக்கும்.

சரி, புதிதாக ஆரம்பிக்கிறவர் என்ன செய்ய வேண்டும்? முதல் சில நாள் வில்லே வேண்டாம். ஒரு பென்சில் போதும். எடை இல்லாத பொருளில் விரல்கள் தங்கள் இடத்தைக் கற்கட்டும். டிவி பார்க்கும்போதுகூடப் பிடித்துப் பிடித்து விடலாம். பிறகு வில்லை எடுங்கள், ஆனால் அடியில் பிடிக்காதீர்கள். எடை சமமாக நிற்கும் அந்த நடு இடத்தில் பிடியுங்கள். அங்கே முன்பாரம் இல்லாததால் கை இறுகக் காரணமில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ரோலண்ட் உருவாக்கிய பயிற்சித் திட்டத்தால் பரவலான உத்தி இது. நாளாக ஆக ஒவ்வொரு விரலகலமாக அடியை நோக்கி இறங்கி வரலாம்.

வில்லைச் செங்குத்தாக, முனை கூரையைப் பார்க்கும்படி பிடிப்பது இன்னொன்று. அப்போது நெம்புகோல் பாரம் பூஜ்யம். அந்த நிலையில் சுண்டுவிரலைத் தட்டச் சொல்லுங்கள், மடக்கி நீட்டச் சொல்லுங்கள். பிறகு மெல்ல, மிக மெல்ல, வில்லைப் படுக்கை வாட்டுக்குச் சாய்த்துத் திரும்ப நிமிர்த்தச் சொல்லுங்கள். சுண்டுவிரலுக்கு இதுதான் உடற்பயிற்சி. நாலைந்து தடவை போதும். களைத்த விரல் தப்பாகத்தான் கற்கும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட ஐந்தைந்து நிமிஷமாக நாளில் சில வேளை செய்வது ஆயிரம் மடங்கு மேல்.

தந்திமேல் வைத்த பிறகு வீட்டாரே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. குழந்தை நீளமாக வில் இழுக்கும்போது ‘மதியம் என்ன சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் உடம்பு முழுக்க இறுக்கம் என்று அர்த்தம். வில் நடுப்பகுதிக்கு வரும்போது, நிறுத்தாமலேயே கட்டைவிரலைச் சற்று ஆட்டச் சொல்லுங்கள். ஆட்ட முடிந்தால் நிம்மதி. வில்லின் முனையை உங்கள் விரலால் லேசாகத் தட்டுங்கள். கை கொஞ்சம் இசைந்து கொடுத்துத் திரும்ப வர வேண்டும். தட்டியது தோள்வரை போய் அதிர்ந்தால் அந்த ஸ்பிரிங்குகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. வாசித்து முடித்த கட்டைவிரலில் ஃப்ராக்கின் ஓரம் பதிந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய தடம் பரவாயில்லை. பள்ளம் விழுந்து சிவந்திருந்தால் பரவாயில்லை என்று விடாதீர்கள். அந்த இடத்தில் தண்டுக்கு ஒரு துண்டு ரப்பர் குழாய் மாட்டிவிட்டால் உறுத்தல் குறையும், விரலும் வழுக்காது. நாலணா சமாசாரம், நிறைய ஆசிரியர்கள் செய்வதுதான். பிடியை ‘தானாகவே’ சரியாக்கும் என்று விற்கும் பிளாஸ்டிக் அச்சுகளில்தான் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விரல் இடத்தை அவை காட்டிக்கொடுக்கும், உண்மை. இறுக்கத்தை எடுக்காது. அச்சை இறுக்கிப் பிடிக்கும் குழந்தையையும் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஒரு வருஷம், இரண்டு வருஷம் தப்பாகப் பிடித்து வாசித்துவிட்டவர்களுக்கு: கை திருந்தும். ஆனால் பாட்டுக்குள் வைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். தெரிந்த கீதத்தை எடுத்த உடனே கை பழைய பிடிக்கு ஓடிவிடும், அந்தப் பாட்டோடு சேர்ந்துதான் அது பதிந்திருக்கிறது. சாதகத்தின் முதல் பத்து நிமிஷத்தை வெறும் தந்திக்கு ஒதுக்குங்கள். இடது கை சும்மா இருக்கட்டும். ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஷட்ஜத் தந்தியில் நீளமாக இழுங்கள். ஒவ்வொரு வில் முடிவிலும் நின்று, கட்டைவிரலை ஒரு தடவை தளர்த்திவிட்டு அடுத்த வில். அதன் பிறகு எதையும் புதிய பிடியில் வாசிப்பதென்றால், இதுவரை வாசிக்காத புதுப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குச் சத்தம் முன்பைவிட மெலியும், கீச்சிடும். வீட்டில் யாரும் ‘முன்னாடி நல்லா இருந்ததே’ என்று சொல்லிவிடாதீர்கள். கிரேடு தேர்வோ மேடையோ அடுத்த மாதம் இருந்தால் அதை முடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். நடுவில் ஆரம்பித்தால் இரண்டும் கெடும். தேதி இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம், ‘சார், பாட்டுக்கு முன்னாடி இவளோட கட்டைவிரலைக் கீழேயிருந்து ஒரு தடவை பார்த்துடுங்களேன்’ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்; வில்லை வாங்கித் தன் கையில் பிடித்துக் காட்டுவார்.